அடுப்புக்கு ஓர் ஆள்

இஞ்சேருங்கோ,

இன்று காலை கெல்லரை வெறுமையாக்கப் போனேன். நிலவறைச் சுவரில் ஈரம் ஏறுகிறது, எல்லோரும் தங்கள் சாமான்களை எடுத்துவிட வேண்டும் என்று வீட்டு நிர்வாகம் கடிதம் போட்டிருந்தது. ஒருநாளும் மீன் பிடிக்காத உங்கள் தூண்டில், மகளின் பழைய சறுக்குச் சப்பாத்து, கோயில் அன்னதானத்துக்கு வாங்கி மிஞ்சிய காகிதத் தட்டுகள், இவற்றுக்கெல்லாம் பின்னால் உங்கள் றப்பர் பூட்ஸ். தூக்கியபோது அடியில் ஒட்டியிருந்த காய்ந்த களிமண் கட்டியாக விழுந்து உடைந்தது. குப்பையில் போடத்தான் மேலே கொண்டுவந்தேன். பிறகு என்ன நினைத்தேனோ, குளியல் தொட்டியில் வைத்துத் தண்ணீரைத் திறந்துவிட்டேன். அவ்வளவுதான், உங்கள் மலையின் மணம் வீடு முழுக்க ஏறிவிட்டது. நனைந்த சுண்ணாம்பு மணமும் பழைய இரும்பின் மணமும் சேர்ந்தது. யன்னலைத் திறந்து வைத்தும் போகவில்லை.

அதிலிருந்து எனக்கு ஒரு இடத்தில் இருக்க முடியவில்லை. அடுப்படிக்குப் போகிறேன், என்னத்துக்குப் போனேன் என்று மறந்துவிட்டுப் பால்கனிக்கு வருகிறேன். கொலோனில் மழை. முன்பு மழை என்றால் காயப்போட்ட உடுப்பை உள்ளே எடுப்பதோடு என் கவலை முடிந்துவிடும். இப்போது கைபேசியை எடுத்து உங்கள் மலையில் மழையா என்று பார்க்கிறேன். இன்று மட்டும் எத்தனை தரம் பார்த்துவிட்டேன் என்று எனக்கே வெட்கமாக இருக்கிறது. அங்கே இன்னும் வெயில். ஆனால் வரப்போகிறது என்று போட்டிருக்கிறான்.

‘இஞ்சேருங்கோ’ என்று ஒரு கடிதத்தைத் தொடங்கலாமோ தெரியாது. கலியாணம் கட்டின நாளிலிருந்து நான் உங்களை வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை. புருஷன் பெயரைப் பெண்சாதி சொன்னால் அவருக்கு ஆயுள் குறையும் என்று அம்மா சொல்லி அனுப்பினா. நான் அப்படியொன்றும் பெரிய பக்திக்காரி இல்லை, விரத நாளில் களவாகப் பிஸ்கட் சாப்பிட்டவள்தான். ஆனால் இந்த ஒரு விஷயத்தைப் பரீட்சித்துப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. நீங்கள் முதலில் தனியாக ஜேர்மனிக்கு வந்து அகதி முகாமில் இருந்தபோது நான் ஊரிலிருந்து போட்ட கடிதங்களுக்கு உறையில் பெயர் எழுதியது என் தம்பி. இங்கே வந்த பிறகு எந்த அலுவலகத்தில் கணவர் பெயர் கேட்டாலும் உங்கள் பெயர் போட்ட அட்டையை எடுத்து மேசையில் தள்ளிவிடுவேன். பக்கத்தில் இருந்து நீங்கள் சிரிப்பீர்கள். வெளியில் வந்ததும் தொடங்குவீர்கள்.

“ஒருக்காச் சொல்லும் பாப்பம். நான் என்ன உருகிப் போயிடுவனே?”

வாயை வைச்சுக்கொண்டு சும்மா வாங்கோ என்பேன். அதோடு சரி.

உங்கள் மலைக்கும் நீளமாக ஒரு பெயர் இருக்கிறது. அதுவும் என் வாயில் வராது. இத்தாலியில் நாப்போலியைத் தாண்டி, கடலை விட்டு உள்ளுக்குப் போய், போய்க்கொண்டே இருந்தால் வரும் ஊர். ‘உங்கட மலை’ என்று ஏச்சாகத்தான் சொல்லத் தொடங்கினேன். நீங்கள் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டீர்கள்.

அது வந்த கதையே ஒரு கூத்து. நீங்கள் வேலை செய்த இத்தாலிச் சாப்பாட்டுக்கடையைப் பூட்டினபோது, முதலாளி தன் தகப்பனின் வீட்டை உங்கள் தலையில் கட்டிவிட்டார். அவருடைய பிள்ளைகள் ஒருவருக்கும் அது வேண்டாம். கொடுத்தது ஏறக்குறைய சும்மாதான். அன்றைக்கு நீங்கள் வந்து “வீடு ஒண்டு எடுத்திருக்கிறன்” என்றபோது நான் கொலோனில்தான் எங்கோ என்று நினைத்து, குசினி எவ்வளவு பெரிது, ட்ராம் பக்கத்தில் நிற்குமா என்றெல்லாம் கேட்டேன். பிறகு படத்தைக் காட்டினீர்கள். கூரையில் ஒரு அத்தி மரம் முளைத்திருந்தது. ஊரில் கிடக்கிற காணியைப் பார்க்க ஆளில்லை, இத்தாலியில் கல்லுக் குவியல் வாங்குகிறீர்கள், உங்களுக்கு விசரா என்று கேட்டேன். “நீர் வந்து பாரும், பிறகு கதையும்” என்றீர்கள்.

வந்து பார்த்தேன். யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்களுக்கு மலை என்றால் என்ன தெரியும்? எங்கள் பக்கத்தில் உயரமான இடம் என்றால் கோயில் கோபுரம். அந்தப் பாதை மலையைச் சுற்றிச் சுற்றி ஏற, நான் காருக்குள் கண்ணை மூடிக்கொண்டு பிள்ளையாரைக் கூப்பிட்டுக்கொண்டு வந்தேன். கீழே சாம்பல் நிறக் களிமேடுகள். மழை கீறிக் கீறி ஒரு புல்லுக்கூட மிஞ்சவில்லை. அதற்கு மேல் ஒலிவ் மரங்கள். அதற்கும் மேல் ஒரு பாறை, பாறையில் நெருக்கிக்கொண்டு வீடுகள், நடுவில் ஒரு உடைந்த கோட்டைக் கொத்தளம், அதன் தலையில் கைபேசிக் கம்பம். முன்பு மனிதர்கள் கீழே ஆற்றங்கரையில்தான் இருந்தார்களாம். நுளம்புக்கடிக் காய்ச்சலுக்கும் கொள்ளைக்காரருக்கும் பயந்து மேலே ஏறினவர்கள், பிறகு இறங்கவேயில்லை. அந்த இடத்தில் நான் உங்களைத் திரும்பிப் பார்த்தேன். ஓடி ஏறின ஆட்களின் ஊர் என்றால் உங்களுக்கு ஏன் பிடிக்காது?

விடியற்காலையில் பள்ளத்தாக்கை மூடிப் பனிப்புகார் கிடக்கும். மலை மட்டும் தனியாக நிற்கும். நீங்கள் தேத்தண்ணிக் கோப்பையோடு மதிலில் இருந்து “தீவு மாதிரி இருக்கு என்ன” என்பீர்கள். தீவில் பிறந்த ஆளுக்கு எல்லாம் தீவுதான் என்று நான் நக்கல் அடிப்பேன். உங்கள் தீவில் வெட்டின கிணறெல்லாம் உவர், நல்லதண்ணிக் கிணறு ஒன்றுக்கு ஊரே வரிசையில் நின்றது. எங்கள் வளவில் தேனான தண்ணீர். அதைச் சொல்லிச் சொல்லி உங்களைச் சீண்டுவது எனக்கு ஒரு பொழுதுபோக்கு. அது கடைசியில் எங்கே கொண்டுபோய் விட்டது தெரியும்தானே.

கிணறு! இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பும் வருகிறது, பத்திக்கொண்டும் வருகிறது. அந்த வீட்டுக்குக் குழாய்த்தண்ணீர் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. ஆனால் அது உங்களுக்குக் காணாது. “குழாய்த்தண்ணி வேற ஆக்களின்ர தண்ணி. வளவுக்குள்ள ஒரு கிணறு இருந்தால்தான் அது வீடு.” அதற்காகக் கொலோன் தமிழ்க்கடையில் ஒரு தேங்காய் வாங்கி, அதை மடியில் வைத்துப் பிள்ளையைப் போல மலை வரைக்கும் கொண்டுபோனீர்கள். நிலத்தடியில் தண்ணீர் ஓடுகிற இடம் பார்க்க, குடுமியோடு அதை உள்ளங்கையில் கிடத்தி வளவு முழுக்க நடந்தீர்கள். ஈசான மூலையில் தேங்காய் எழும்பி நின்றுவிட்டது. உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அன்றே வெட்டத் தொடங்கிவிட்டீர்கள்.

இடுப்பளவு ஆழம் போயிருப்பீர்கள், கீழ்வீட்டு அசுந்தா ஓடிவந்தா. கூந்தலில் பூசின சாயத்தோடு, தோளில் துவாயோடு. அவ இளமையில் ஸ்டுட்கார்ட் பக்கம் ஒரு சலவைச்சாலையில் வேலை செய்துவிட்டுத் திரும்பிப் போனவ. அவவுக்குத் தெரிந்த ஜெர்மனையும் எனக்குத் தெரிந்த ஜெர்மனையும் கூட்டினால் ஒரு ஆளுக்குக் காணாது. ஆனால் அன்று அவ பேசினதை விளங்கிக்கொள்ள ஒரு மொழியும் தேவைப்படவில்லை. கடைக் குசினியில் பழகின இத்தாலி மொழியில் நீங்கள் ஏதோ சமாளித்தீர்கள், தண்ணீர் இருக்கிறது, நல்ல தண்ணீர் என்று. இருக்கிறதென்று எனக்குத் தெரியாதா என்று அவ கத்தினா.

தேங்காய் பொய் சொல்லவில்லை, அதுதான் பிரச்சினை. எங்கள் வீடு நிற்பது பாறை முடிந்து களி தொடங்கும் இடத்தில். அந்த ஊரில் பாறை மேலே, களி கீழே. களி தண்ணீர் குடித்தால் நடக்கத் தொடங்கிவிடும். அசுந்தா உங்கள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஊரின் மேற்கு விளிம்புக்குப் போனா, நானும் பின்னால் வந்தேன். அங்கே ஒரு சுவர் தனியாக நின்றது. அதில் ஒரு யன்னல். யன்னலுக்கு அந்தப் பக்கம் வெறும் வானம். அவவின் பாட்டனுக்குப் பாட்டன் காலத்தில் ஒரு மாரியில் அந்தத் தெரு முழுவதும், மாதா கோயிலின் பாதியோடு, கீழே போய்விட்டதாம். மழை விட்ட பிறகுதான் போனது, அதனால் ஆட்கள் நித்திரையில் இருந்தார்கள். அதன் பிறகு அந்த ஊர் செய்த ஒரே பெரிய வேலை வாய்க்கால் கட்டினதுதான். விழுகிற ஒவ்வொரு துளியையும் கல்லுப் பதித்த வாய்க்காலில் பிடித்து, களி குடிக்க முன்னம் பள்ளத்துக்குக் கொண்டுபோய் விடுகிற வேலை. நாங்கள் இவ்வளவு காலமும் தண்ணீரை வெளியே அனுப்புகிறோம், நீ கிடங்கு வெட்டி உள்ளே கூப்பிடுகிறாய் என்று சொல்லிவிட்டு அவ சாயத்தைக் கழுவப் போய்விட்டா.

அடுத்த நாள் காலையில் ஊர் முழுக்கக் கூடைகளோடு வந்தது. ஊர் முழுக்க என்றால் என்ன, மிஞ்சியிருந்த கொஞ்சம் கிழடுகட்டைகள். மற்ற ஆட்களெல்லாம் முன்பே சுரங்கத்துக்கும் தொழிற்சாலைக்கும் போய்விட்டார்கள், இன்னும் சிலர் அரசாங்கம் கீழே கட்டிக் கொடுத்த சீமெந்து வீடுகளுக்கு. வந்தவர்கள் ஒன்றும் கேட்கவில்லை. கிடங்கை மூடினார்கள், மிதித்தார்கள், இடித்து இறுக்கினார்கள். நீங்களும் அவர்களோடு சேர்ந்து கூடை சுமந்தீர்கள். கடைசியில் ஒரு கிழவர் உங்கள் முதுகில் தட்டி ‘பொட்சாரோ’ என்றார். கிணறு வெட்டுகிறவன் என்று அர்த்தம். அந்த ஊரில் எல்லோருக்கும் பட்டப்பெயர் உண்டு, உங்களுக்கு அது விழுந்துவிட்டது.

அப்படிப் பார்த்தால் உங்களை ஒருவரும் பெயரால் கூப்பிட்டதில்லை. கடையில் நீங்கள் டோனி. ஜெர்மன் அலுவலகங்களில் உங்கள் பெயரின் தலைப்பாதியை மட்டும் சொல்லி மூச்சு வாங்குவார்கள். மலையில் பொட்சாரோ, மகளுக்கு அப்பா, எனக்கு இஞ்சேருங்கோ. வருடத்தில் ஒரே ஒரு நாள் மட்டும் வேறு.

கல்லறைத் திருநாளுக்கு முந்தின ஞாயிறு. மாரி தொடங்க முன் வாய்க்கால் துப்புரவாக்குகிற நாள். அடுப்புக்கு ஓர் ஆள் வர வேண்டும், அது அவர்களின் சட்டம். வீட்டை அவர்கள் அடுப்பு என்றுதான் எண்ணுவார்கள். அசுந்தா ஊரின் தண்ணீர் ஊற்றடியில் நின்று மேல் தெருவிலிருந்து ஒவ்வொரு வீடாகக் கூப்பிடுவா. கொத்தளத்து வீடு, யாருடைய அடுப்பு? மணிக்கூண்டு வீடு, யாருடைய அடுப்பு? அந்த வீட்டிலிருந்து வந்தவர் வீட்டுக்காரரின் முழுப்பெயரைச் சொல்ல வேண்டும். பட்டப்பெயர் செல்லாது. வெளிநாட்டில் இருந்தால் அயலவர் ‘வெளியில்’ என்பார். வீட்டுக்காரர் செத்து, அந்த வருடம் ஒருவரும் வராவிட்டால் ‘அணைந்தது’ என்பார்கள். அதன் பிறகு அந்த வீட்டைக் கூப்பிட மாட்டார்கள். அதன் வாய்க்கால் துண்டை மேல்வீடும் கீழ்வீடும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். எழுபது எண்பது வயது ஆட்கள் எத்தனை துண்டைத்தான் வழிப்பார்கள்?

ஒரே ஒரு வருடம்தான் அதை நான் பார்த்தேன். முழங்கால் நோகிறது என்று சொல்லிவிட்டு யன்னலில் நின்றேன். ‘ஊற்றடி மேல் வீடு, யாருடைய அடுப்பு’ என்று கேட்டது. நீங்கள் பள்ளிக்கூடத்தில் இடாப்புக் கூப்பிட்டது போல நிமிர்ந்து நின்று, மாமாவின் பெயரையும் முன்னால் சேர்த்து, உங்கள் பெயரை முழுதாகச் சொன்னீர்கள். அசுந்தா அதை நாலு துண்டாக உடைத்துத் திருப்பிச் சொன்னா. மூன்றாவது துண்டு பிழை. நீங்கள் திருத்தினீர்கள். அவ திரும்பச் சொன்னா, திரும்பவும் பிழை. எல்லோரும் சிரித்தார்கள். அன்று சேறும் சகதியுமாக வீட்டுக்குள் வந்து இந்தப் பூட்ஸைக் கழற்றிக்கொண்டே சொன்னீர்கள்.

“என்ர பேர் முழுசாக் கேக்கிறது வருசத்தில இந்த ஒரு நாள்தானப்பா.”

எனக்குச் சுருக்கென்று இருந்தது. நான் கூப்பிடுவதில்லை என்று கொழுவிச் சண்டைபிடிக்க வாறியளோ என்று கேட்டேன். சும்மா சொன்னனான் என்றீர்கள். சும்மா சொல்லவில்லை என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பிறகு இந்தப் பங்குனி. ட்ராம் தரிப்பிடத்தில் கையில் கீரைக்கட்டோடு விழுந்தீர்கள். ஆஸ்பத்திரியில் பெயர் கேட்டார்கள், வழக்கம்போல அட்டையைத் தள்ளினேன். உள்ளே உங்கள் முகம் முழுக்கக் குழாய். அந்தத் தாதி நல்ல பிள்ளை. கேட்கக்கூடும், பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள், தெரிந்த குரலுக்குச் சிலர் கண் திறப்பார்கள் என்றாள். நான் இஞ்சேருங்கோ, இஞ்சேருங்கோ என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். பெயரை, பெயரை என்று அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள். அவளுக்கு எப்படி விளங்கப்படுத்துவது? மற்ற நேரமென்றாலும் பரவாயில்லை, அந்த நேரத்திலா நான் உங்கள் ஆயுளில் கை வைப்பேன்? ஒரு நிமிடத்தைக் கூட நான் குறைக்கவில்லை. எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை. கோபம்தான் இருக்கிறது. சொல்லாமல் இருந்தும் போய்விட்டீர்களே.

போன கிழமை அசுந்தா தொலைபேசி எடுத்தா. இரங்கல் எல்லாம் பங்குனியிலேயே சொல்லிவிட்டதால் நேரே விஷயத்துக்கு வந்துவிட்டா.

“மழை வரப்போகுது. உன்ர வாய்க்கால் நிறைய இலை. வாறியோ, இல்லையோ? இல்லையெண்டால் இப்பவே சொல்லு.”

அவவின் படுக்கையறைச் சுவர் எங்கள் துண்டுக்கு நேரே கீழே. அதை அவ சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லை.

மகள் பிராங்பேர்ட்டிலிருந்து வந்து, அந்த ஞாயிறுக்கு அடுத்த கிழமையே நோட்டாரிடம் டெர்மின் எடுத்து நாள் குறித்துவிட்டாள், வீட்டை அந்த ஊர் நகரசபைக்கே எழுதிக் கொடுக்க. அவள் சொல்வதில் பிழை இல்லை. எனக்கு மலை ஏறி இறங்க ஏலாது. அங்கே எனக்குக் கோயிலும் இல்லை, கதைக்க ஆளும் இல்லை. அந்தக் கல்லு அறைகளில் ஆடியிலும் குளிரும். அது உங்கள் விளையாட்டு, என்னுடையது இல்லை. கொடுத்துவிட்டால் நிம்மதி என்று நானே எத்தனை தரம் சொல்லியிருக்கிறேன். பிறகு ஏன் நான் காலையிலிருந்து இந்தச் சப்பாத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறேன்?

ஏனென்றால் போனால் அவ அந்தக் கேள்வியைக் கேட்பா. அதற்கு ஒரே ஒரு பதில்தான் இருக்கிறது. அதை நான் சொன்னால், உங்களுக்குக் குறைய இனி ஆயுள் இல்லை என்று நானே என் வாயால் ஒத்துக்கொண்டதாக ஆகிவிடும். போகாவிட்டால் அணைந்தது என்று வேறு யாரோ சொல்வார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் என்னை நிறுத்திவிட்டு நீங்கள் சுகமாகப் போய்விட்டீர்கள். உங்களோடு கொழுவவும் ஏலாமல் இருக்கிறது.

மழை விடவில்லை. நான் போய்ச் சப்பாத்தைப் பார்க்கிறேன்.

*

விட்ட இடத்திலிருந்து எழுதுகிறேன். இடையில் மூன்று கிழமை போய்விட்டது.

போனேன். மகள் என்னைத் தனியே விடமாட்டேன் என்று மடிக்கணினியையும் தூக்கிக்கொண்டு கூடவே வந்தாள். வழி முழுக்க, “அம்மா, வாய்க்காலை மட்டும் துப்புரவாக்கிப்போட்டு வருவம். டெர்மின் டெர்மின்தான்” என்று சொல்லிக்கொண்டே வந்தாள். நான் ஓம் ஓம் என்றேன். என் மனம் அதிலா இருந்தது? விமானத்தில், வாடகைக் காரில், அந்தச் சுற்றுப்பாதையில், எங்கேயும் உங்கள் பெயரை வாய்க்குள் வைத்து உருட்டிப் பார்த்தேன். தொண்டை வரைக்கும் வரும், பிறகு விழுங்கிவிடுவேன். முன்பு பிள்ளையாரைக் கூப்பிட்ட இடத்தில் இந்த முறை அவரையும் கூப்பிட மறந்துபோனேன்.

உங்கள் பூட்ஸைத்தான் போட்டேன். இரண்டு சோடிக் காலுறைக்கு மேலும் அது தொளதொளத்தது. ஞாயிறு காலையில் ஊற்றடிக்கு இறங்கினபோது, மண்வெட்டி பிடித்துக்கொண்டு நின்ற கிழவர்கள் என் காலைப் பார்த்துவிட்டுத் தொப்பியைத் தொட்டார்கள். வானம் கறுத்துக் கிடந்தது. அசுந்தா என்னை அணைத்துக்கொண்டா, பிறகு தள்ளி நின்று, அந்த நாளில் அவவுக்கு வருகிற அதிகாரக் குரலில் தொடங்கினா. கொத்தளத்து வீடு, வெளியில். மணிக்கூண்டு வீடு, ஒரு கிழவர் தன் பெயரைச் சொன்னார். கல்லுப்படி வீடு, அணைந்தது. அதைச் சொன்னவர் தொப்பியைக் கழற்றித் திரும்பப் போட்டுக்கொண்டார். அவ்வளவுதான், ஒரு வீடு முடிந்துவிட்டது.

“ஊற்றடி மேல் வீடு. யாருடைய அடுப்பு?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் கை தன் பாட்டில் கைப்பைக்குள் போனது. உங்கள் அட்டையை நான் இன்னும் வைத்திருக்கிறேன், எடுத்து நீட்டப் போனேன். அதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது, மலையுச்சியில், கிழவர்களுக்கு நடுவில், உங்கள் காப்புறுதி அட்டை. அசுந்தா அட்டையைப் பார்க்கவும் இல்லை. என் மனுசன்ர வீடு என்று ஜெர்மனில் சொன்னேன். அவ தலையை ஆட்டினா. கண் கலங்கித்தான் இருந்தது, ஆனாலும் விடவில்லை.

“பேர்,” என்றா.

மேல்வீட்டுக் கிழவர் தொப்பியில் கை வைத்தார். அதைக் கண்டதும் எனக்கு எங்கிருந்தோ ஒரு ஆத்திரம் வந்தது. அணைந்தது என்று நீர் என்ன சொல்வது, சமைத்தவள் நான் இங்கே நிற்க! வாயைத் திறந்தேன். மாமாவின் பெயரை முன்னால் சேர்த்து, நீங்கள் சொல்வது போலவே, உங்கள் பெயரை முழுதாகச் சொன்னேன். நான் நினைத்ததை விடச் சத்தமாக வந்துவிட்டது. பின்னால் நின்ற மகள் கைபேசியிலிருந்து தலையை நிமிர்த்தினாள். பிறந்ததிலிருந்து அவள் அதை என் வாயால் கேட்டதில்லை.

ஒன்றும் நடக்கவில்லை. உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. இனி உங்களுக்கு ஒன்றும் ஆகாது. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் போய், அந்த இடத்திலேயே, அத்தனை பேருக்கு முன்னால், ஆஸ்பத்திரியில் அழாத அழுகை எல்லாவற்றையும் அழுதேன். ஒருவரும் தேற்ற வரவில்லை, தேற்றினால் எனக்குப் பிடிக்காது என்று தெரிந்தவர்கள் போல மண்வெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அசுந்தா காத்திருந்தா. பிறகு உங்கள் பெயரை நாலு துண்டாக உடைத்துத் திருப்பிச் சொன்னா. மூன்றாவது துண்டு பிழை.

நான் மூக்கைச் சீறிவிட்டுத் திருத்தினேன். அதனால் இரண்டாம் தரமும் சொல்ல வேண்டி வந்தது. இரண்டாம் தரம் அவ்வளவு கஷ்டமாக இருக்கவில்லை. அவ திரும்பவும் பிழையாகத்தான் சொன்னா, ஒரு கிழவர் சிரித்தார், எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்தது அவவின் சொந்த வீடு. யாருடைய அடுப்பு என்று தன்னையே கேட்டு, தன் பெயரைச் சொல்லிக்கொண்டா.

உங்கள் துண்டில் இலையும் முள்ளும் களியும் முழங்கால் மட்டத்துக்கு நின்றது. நானும் மகளும் வழித்தோம். அவள் நகத்தைப் பார்த்துப் பார்த்து முறுகினாள், பிறகு மறந்துவிட்டாள். நீங்கள் கல்லுக்குக் கல்லு சீமெந்து வைத்துப் பொருத்தியிருந்த இடமெல்லாம் தெரிந்தது, ஒரு இடத்தில் உங்கள் பெருவிரல் அடையாளம் கூட. மத்தியானம் எல்லோருமாக அவரைக்கொட்டையும் பாணும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மழை பிடித்தது. சாப்பாட்டை வைத்துவிட்டு ஆளாளுக்குத் தங்கள் துண்டைப் பார்க்க ஓடினார்கள், நாங்களும் ஓடினோம். மேலிருந்து தண்ணீர் கலங்கலாக வந்தது. எங்கள் துண்டுக்குள் இறங்கி, எங்கேயும் நிற்காமல், அசுந்தாவின் சுவரைத் தொடாமல், வளைந்து பள்ளத்துக்குள் விழுந்தது. மகள் குடையைப் பிடிக்க மறந்துபோய் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அடுத்த வருசம் எந்த ஞாயிறம்மா?” என்று கேட்டாள்.

கல்லறைத் திருநாளுக்கு முந்தினது என்றேன். கைபேசியில் குறித்துக்கொண்டாள். கொலோனுக்கு வந்த பிறகு அவளே நோட்டாருக்குத் தொலைபேசி எடுத்து டெர்மினை நிற்பாட்டிவிட்டாள்.

எனக்கு உங்கள் மலை பிடித்துவிட்டது என்று நினைத்துவிடாதேயுங்கோ. இன்னும் பிடிக்கவில்லை. முழங்கால் வீங்கிப்போய் இருக்கிறது, இதை எழுதும்போதும் எண்ணெய் பூசிக்கொண்டுதான் இருக்கிறேன். இன்றைக்கும் மழை, இன்றைக்கும் கைபேசியில் அங்கே மழையா என்று பார்த்தேன். அங்கேயும் மழைதான். ஆனால் பார்த்துவிட்டு வந்து இருக்க முடிந்தது.

அடுப்படியில் தனியாக நிற்கும்போது இப்போது சில வேளை உங்கள் பெயரைச் சொல்லிப் பார்க்கிறேன். நல்ல பெயர். நீங்கள் கேட்டபோது ஒருக்காலாவது சொல்லியிருக்கலாம் என்று நினைக்கிறேனா என்று கேட்டால், இல்லை. நீங்கள் உயிரோடு இருந்தால் இன்றைக்கும் சொல்லமாட்டேன். அட்டையைத்தான் தள்ளுவேன்.

எழுதி முடித்து மடித்து ஒரு உறைக்குள் வைத்தேன். உறையில் பெயர் எழுதத் தம்பி இல்லை, அவன் கனடாவில். நானே எழுதினேன், மாமாவின் பெயரோடு, முழுதாக, ஒரு எழுத்துப் பிழை இல்லாமல். கீழே விலாசத்துக்கு விட்ட இடம் அப்படியே கிடக்கிறது.